வருமுங்க அண்ணனும் கணக்கக்காவின் குண்டு எழுத்துகளும்

கணபதியிலிருந்து கருமத்தம்பட்டி வரைக்கும் வழியில் உள்ள ஃப்ளெக்ஸ் பேனர்களில் யார் முகம் எவ்வளவு அகலத்துக்கு இழுக்கப்பட்டிருக்கிறது என்று, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே சொல்லக்கூடிய மனிதர் கோவை மாவட்டத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவருடைய பெயர் எனக்கு மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். அது எனக்குத் தெரியவே தெரியாது. ஏதோ ஒரு சாமி பெயராகத்தான் இருக்கும். எங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் 'வருமுங்க'.

கணபதியில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி அது. கீழே லேத்துகள் அலறும், மேலே நாங்கள் ஆபீஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருப்போம். நான் பர்ச்சேஸ் பிரிவு. கம்ப்யூட்டர்களில் எல்லாம் காசு கொடுக்காமல் போட்ட சாஃப்ட்வேர். ஒருநாள் ஆடிட்டர் காப்பி குடித்துக்கொண்டே, "இதெல்லாம் ஆரு கண்ணுலயாச்சும் பட்டா வம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்றார் சின்ன முதலாளி. பெரிய முதலாளிக்கு அந்த வாக்கியத்தில் பாதி காதில் விழவில்லை.

"சும்மா கெடைக்கறது ஏதாச்சும் இருக்குதா கண்ணு?" என்று மகனைக் கேட்டார்.

இருந்தது. லினக்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், ஒரு பைசா கேட்கமாட்டார்கள். பெரிய முதலாளி இத்தனை வயதுக்கு இப்படியொரு வியாபாரத்தைக் கேள்விப்பட்டதில்லை. "அப்பறம் அவிய எப்படிங்க பொழைக்கறாங்க?" என்று ரெண்டு நாள் உண்மையாகவே கவலைப்பட்டார். மூன்றாம் நாள் போடச் சொல்லிவிட்டார். போடுவதற்கு ஆள் வேண்டுமே, அப்படி வந்து சேர்ந்தவர்தான் வருமுங்க.

ஒல்லியான உருவம், நாற்பதைத் தொடும் வயது, கழுத்தில் துண்டு மாதிரி ஒரு மானிட்டர் கேபிள். கருமத்தம்பட்டியிலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி வருவார். முதல் நாள் உள்ளே நுழைந்தவர் எங்கள் திரைகளைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்குள் வந்தவர்போல வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க, எல்லாத்தையும் இப்படியே விட்டுப்போட்டீங்க?" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் இதுதான். எங்களுடையது எல்லாம் புதிய, அகலமான மானிட்டர்கள். ஆனால் படத்தின் அளவு, பழைய சதுரப் பெட்டி மானிட்டர் காலத்தில் யாரோ வைத்தது. சின்னப் பையன் சட்டையைப் பெரிய ஆளுக்கு மாட்டியதுபோல, எல்லாமே இழுபட்டு இருந்தது. எழுத்துகள் குண்டாக இருந்தன. வட்டங்கள் கோழிமுட்டையாக இருந்தன. பெரிய முதலாளியின் திரையில் இருந்த முருகன் மயிலைவிட அகலமாக இருந்தார். நாங்கள் அதையே வருஷக்கணக்கில் பார்த்துப் பழகி, முருகன் அப்படித்தான் போலிருக்கிறது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒவ்வொரு மானிட்டருக்கும் பொறக்கும்போதே ஒரு அளவு இருக்குதுங்க" என்று எங்களை நிற்கவைத்துப் பாடம் எடுத்தார் வருமுங்க. "குறுக்கால இத்தன புள்ளி, நெடுக்கால இத்தன புள்ளி. அந்த ரெசல்யூஷன்தான் அதுக்குச் சொந்த ஊடு. வேற அளவுல வெக்கறது, ஒருத்தரக் கூட்டியாந்து ஒறம்பரையா அடுத்தவிய ஊட்டுலயே வருசக்கணக்கா படுக்கவெக்கற மாதிரிங்க. மூஞ்சி வீங்காம என்ன பண்ணும்?"

ஒரே வாரத்தில் எல்லாத் திரைகளையும் அவரவர் சொந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார். முருகன் இளைத்தார். வட்டங்கள் வட்டமாயின. எழுத்துகள் எறும்பாகிவிட்டன. கொங்குக்காரர்கள் குறை சொல்லும் முறையே தனி. டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "நெம்ப நல்லா இருக்குதுங்க. ஒண்ணுந்தான் தெரியறதில்லீங்க" என்றார்.

"எழுத்தை மட்டும் பெருசு பண்ணித் தாரேனுங்க. அளவக் கொறைக்கமாட்டேன். அது பாவமுங்க."

பாவம் என்றே சொன்னார். சைவக்காரர் கறிக்கடையைச் சொல்வதுபோல.

அளவை மாற்றும்போது திரை ஒரு கணம் முழுசாகக் கறுத்துப்போகும். எங்களுக்கெல்லாம் பாதியில் விட்ட பில், சேமிக்காத கொட்டேஷன் எல்லாம் கண்முன் வந்து போகும். வருமுங்க மட்டும் ரெண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் திரை போட்டிருக்கும்போது நிற்பவர்போல நிதானமாக நிற்பார். "வருமுங்க" என்பார். வந்துவிடும். ரெண்டு நிமிஷம் ஆனாலும், மானிட்டர் 'என்னால் முடியாது' என்று எழுதிக் காட்டினாலும், கேபிளிலிருந்து லேசாகப் புகை வந்த அன்றும்கூட, அதே கைகட்டு, அதே "வருமுங்க". பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. காலையில் சின்ன முதலாளி வாட்ச்மேனுக்கு போன் போட்டு, "வருமுங்க வந்துட்டாருங்களா?" என்று கேட்பது எங்களுக்கு ரொம்ப சாதாரணம். புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆபீஸோடு விட்டாரா என்றால் இல்லை. டீக்கடை டிவியில் கிரிக்கெட் ஓடினால், பந்து உருண்டையாக இல்லை என்று ரிமோட்டைக் கையில் எடுத்துவிடுவார். கடைசி ஓவரில் அப்படி எடுத்து ஒருமுறை அடிவாங்கப் பார்த்தார். கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் எல்லாரும் ஒட்டுக்காகப் போயிருந்தோம். மண்டபத்தில் மணமேடையை நேரலையாகக் காட்டப் பெரிய திரை வைத்திருந்தார்கள். பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போய்விட்டார் வருமுங்க. மாப்பிள்ளையின் அப்பா பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஏனுங்க, சாப்பாட்டுல ஏதாச்சும் கொறைங்களா?"

"சாப்பாடு அருமைங்க. மாப்பளையத்தான் நெம்ப அகலமாக் காட்டறாங்க. ஒரு நிமிசம், செரி பண்ணிப்போடறேன்."

அப்பா திரையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். "அது திரை இல்லீங்க. பையனே அப்படித்தானுங்க" என்றார்.

வருமுங்க தன் வாழ்நாளில் தோற்றது அந்த ஒரு இடத்தில்தான் என்று நாங்கள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

லினக்ஸில் இன்னொரு ஏற்பாடு உண்டு. அளவை மாற்றியதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். இருபதிலிருந்து எண்கள் இறங்கும். அதற்குள் யாராவது சம்மதம் என்று அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால், படம் தெரியவில்லை போலிருக்கிறது என்று அதுவே முடிவுசெய்து பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இதை எழுதிய புண்ணியவான் கோயமுத்தூர் பக்கமே வந்திருக்கமாட்டான். பெரிய முதலாளி அறையில் புதிதாகப் பெரிய திரை மாட்டிய அன்று ஆடிட்டரும் கூட இருந்தார். பெட்டி வந்தது. எண்கள் இறங்க ஆரம்பித்தன.

"நீங்க அமுத்துங்க" என்று வருமுங்க மவுசை முதலாளி பக்கம் தள்ளினார்.

"அட, நீங்களே அமுத்துங்க. செஞ்சவிய நீங்க."

"மொதலாளி இருக்கும்போது நான் எப்படீங்க?"

"அப்ப ஆடிட்டர் அமுத்தட்டும். ஊட்டுக்கு வந்தவிய."

"ஐயையோ, எனக்கு எதுக்குங்க மரியாதை? நீங்க பெரியவங்க, நீங்கதான் அமுத்தோணும்."

படம் பழைய அளவுக்கே போய்விட்டது. திரும்ப வைத்தார். திரும்பப் பெட்டி வந்தது. திரும்ப மரியாதை. முருகன் இளைப்பதும் பெருப்பதுமாக இருந்தார். இப்படியே போனால் டீ வந்துவிடும் என்று தெரிந்ததும், குத்துவிளக்கு ஏற்றுகிற மாதிரி மூன்று பேருமாகச் சேர்ந்து மவுசில் கைவைத்து அமுக்கினார்கள். நான் கைதட்டினேன்.

கணக்கக்கா கதைக்கு வருகிறேன். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கணக்கு எழுதுகிறவர். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் சம்பளத்தில்தான் எல்லாம் ஓடியது. எறும்பு எழுத்து வந்த பிறகு எல்லாரும் குறை சொன்னோம், அக்கா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் வேலை செய்தார். அதைக் கவனித்து அருகில் போய் நின்றவர் வருமுங்க. என் மேஜை பக்கத்திலேயே இருந்ததால் அவர்கள் பேசியது எனக்கும் கேட்டது.

"கண்ணுல பொரை உளுந்துருக்குதுங்க தம்பி" என்றார் அக்கா, குரலை இறக்கி. "ஆப்பரேசன் பண்ணிக்கச் சொல்லிட்டாங்க. மார்ச் கணக்கை முடிச்சுக் குடுத்துப்போட்டு, மே மாசம் லீவு போட்டுப் பண்ணிக்கறேன். அதுக்கு மின்னாடி ஆருக்கும் தெரியவேண்டாமுங்க. தெரிஞ்சா பொன்னாடை போத்திருவாங்க."

எங்கள் கம்பெனியில் பொன்னாடை வேடிக்கை இல்லை. சின்ன முதலாளி பொறுப்புக்கு வந்த பிறகு, கண் சரியாகத் தெரியாமல் பெட்டி மேல் இருந்த நம்பரை மாற்றிப் படித்த ஸ்டோர்ஸ்காரரைக் கூப்பிட்டு, அருமையான சாப்பாடு போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வேலைதான் போய்விட்டது. அதிலிருந்து ஆபீஸில் யார் கையில் துணிக்கடைப் பை பார்த்தாலும் எங்களுக்குத் திக்கென்று இருக்கும்.

வருமுங்க முதலில் எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். அக்காவின் கணக்கு சாஃப்ட்வேர் பழைய சதுர மானிட்டர் காலத்தது, யாரோ உள்ளூர்க்காரர் எழுதியது. எழுத்தைப் பெரிதாக்கினால் 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே இறங்கி ஒளிந்துகொண்டது. என்னென்னவோ கட்டளைகளைத் தட்டினார். ரெண்டு நாள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரே வழிதான் இருந்தது. அந்தப் பழைய சதுர அளவையே திரும்ப வைத்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும், பொத்தானும் உள்ளே இருக்கும். ஆனால் எழுத்துகள் குண்டாகிவிடும். அவர் அகராதியில் அதுதான் பாவம்.

மூன்றாம் நாள் காலையில் நான் வந்தபோது கணக்கக்கா நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் எழுத்துகள் பூசணிக்காய் மாதிரி இருந்தன. வருமுங்க தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணா சுவத்தப் பாத்து உக்காந்திருக்கீங்க?" என்றேன்.

"என்றெ கண்ணால அதைப் பாக்கமாட்டாம இருக்குதப்பா" என்றார், திரும்பாமலே.

அந்த நேரத்தில் வருமுங்கவுக்கு ஒரு பெரிய கனவு இருந்தது. கம்பெனி கருமத்தம்பட்டியில் புதிய யூனிட் கட்டிக்கொண்டிருந்தது. அவருடைய சொந்த ஊர், பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரம். ஆபீஸ் முழுக்கப் புது மானிட்டர்கள். பெட்டி பிரித்த நிமிஷத்திலிருந்தே எல்லாம் சொந்த அளவில் ஓடவேண்டும், ஒருத்தர் கண்ணும் குண்டு எழுத்தைப் பார்த்திருக்கக்கூடாது என்று அவர் அந்த யூனிட்டைப் பற்றிப் பேசும்போது முகமே மாறிவிடும். கல்யாணம் பற்றிக் கேட்டால்கூட, "யூனிட் முடியட்டுமுங்க" என்பார். வேலையை அவருக்கே தருவதாகச் சின்ன முதலாளியும் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

மார்ச் மாதம் பாதி ஓடியிருந்தது. சின்ன முதலாளி கணக்கு எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று பார்க்க மேலே வந்தார். நல்ல மனிதர், யாரையும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். அதனால்தான் பயம். நேராகக் கணக்கக்கா மேஜைக்கு வந்தவர், திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏனுங்க அக்கா, உங்க ஸ்க்ரீன் மட்டும் ஏன் இப்படி இருக்குது? கண்ணு ஏதாச்சும்...?"

அக்காவின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. நான் கையில் இருந்த கொட்டேஷனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வருமுங்க எழுந்து வந்தார்.

"மானிட்டர் கோளாறுங்க" என்றார்.

"செட் பண்ணிரலாமில்லீங்க?"

ஆபீஸ் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தது. டீ கொண்டுவந்த அம்மா கூடவே சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

"வராதுங்க."

"என்னங்க சொன்னீங்க?"

"இதுக்கு மேல வராதுங்க சார்."

சின்ன முதலாளி சிரித்தார். "நீங்க போயி வராதுன்னு சொல்றீங்களா? என்றெ ரூம் மானிட்டர வெச்சுப் பாருங்க" என்றார். எடுத்துவந்து மாட்டினார்கள். வருமுங்க, அளவை மாற்றக் கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டியைத் திரையில் திறந்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்லக்கூடிய அந்தக் கட்டளையை, தப்பாக அடித்தார். திரை கறுத்தது. அவர் கைகட்டவில்லை. ரெண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. படம் குண்டாகவே திரும்பி வந்தது.

"இதுலயும் வராதுங்க."

"கேபிள மாத்திப் பாக்கலாமா?"

"கேபிள்லயும் வராதுங்க."

"அப்ப என்னதானுங்க பிரச்சன?"

வருமுங்க கழுத்திலிருந்த கேபிளை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியலீங்க சார்" என்றார்.

ஊரெல்லாம் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். தனக்கு உயிராக இருக்கிற ஒன்றைத் தெரியாது என்று சொல்வதற்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. சின்ன முதலாளி அவரை ஒரு கணம் பார்த்தார். "செரிங்க, பரவால்லீங்க" என்றார் ரொம்ப மென்மையாக. எங்கள் ஊரில் ஒருவர் அவ்வளவு மென்மையாகப் 'பரவால்லீங்க' என்றால், விஷயம் அதோடு முடிந்தது என்று அர்த்தம். கணக்கக்காவின் கண்ணைப் பற்றி அவர் அதற்கப்புறம் நினைக்கவே இல்லை. கருமத்தம்பட்டி யூனிட் வேலையைப் பீளமேட்டிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டார்.

செய்தி வந்த அன்று வருமுங்க சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார், அவ்வளவுதான். அடுத்த நாள் மதியம் கணக்கக்கா அவர் மேஜையில் ஒரு டிபன் பாக்ஸை வைத்தார். அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய்.

"எச்சா ஆயிப்போச்சுங்க தம்பி. மீந்து வீணாப் போயிரும், சாப்பிடுங்க."

மே மாதம் வரைக்கும் தினமும் எச்சாவாகவே ஆகிக்கொண்டிருந்தது.

கணக்கு முடிந்தது. ஆடிட்டர் ஒரு பைசா வித்தியாசம் இல்லை என்றார். அக்கா லீவு போட்டு ஆபரேஷன் செய்துகொண்டு ஜூன் மாதம் திரும்பி வந்தார். கண்ணைச் சுருக்காமல், வாசலிலிருந்தே நாட்காட்டியில் தேதி படித்தார். அப்புறம் தன் திரை முன் உட்கார்ந்து, "அய்யே! என்னங்க தம்பி, எழுத்தெல்லாம் இப்படி ஊதிப்போயிக் கெடக்குது?" என்றார்.

வருமுங்க தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்பிப் போட்டார். அதன் கால்கள் தரையில் கிறீச்சிட்ட சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது. அந்தப் பழைய சாஃப்ட்வேரைச் சின்ன எழுத்திலேயே அக்கா இனிப் படித்துவிடுவார் என்று தெரிந்து, சொந்த அளவை வைத்தார். திரை கறுத்து, வெளுத்தது. பெட்டி வந்தது. எண்கள் இறங்கின.

"நீங்களே அமுத்துங்கக்கா."

அக்கா மவுசைப் பிடித்தார். ஆனால் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் குனிந்து நின்ற வருமுங்கவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்க இத்தன ஒல்லியா? இத்தன நாளா உங்கள நல்லாப் பூசுனாப்புல இருப்பீங்கன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்! அத்தன சோறும் எங்கீங்க போச்சு?"

வருமுங்கவின் காது சிவந்துபோனது. எண்கள் இறங்கி முடிந்து, திரை மறுபடி குண்டாகிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். பாவம் பாவம் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், முதல்முறையாக அந்தக் குண்டு எழுத்துகளைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னொருக்கா வெய்யுங்க தம்பி" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தத் தடவ பாத்து அமுத்தறேன்."

திரை கறுத்தது. வருமுங்க மார்பில் கைகட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், டெஸ்பாட்ச்காரரும் டீ அம்மாவும்கூடக் கைகட்டித்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த மனிதர் பக்கத்தில் நிற்பார் என்றால், கறுத்த திரையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.